அண்ணன் மகன் முகாமில், அவன் கணினி ஆராய்ச்சியில்: சும்மா கிடக்கும் பெட்டியை அறிவியலுக்குக் கொடுப்பது எப்படி?

இங்கே சிங்கப்பூரில் அண்ணன் மகன் தேசிய சேவைக்கு (கட்டாயப் படைப்பணிக்கு) போன முதல் மாதமே, அண்ணி அவனுடைய விளையாட்டுக் கணினியைப் பழைய வேட்டி ஒன்றால் மூடி வைத்துவிட்டார். இரண்டாயிரம் வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் செலவழித்து, பாகம் பாகமாக வாங்கி அவனே பூட்டிய பெட்டி அது. ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்பினால் வெள்ளிக்கிழமை மாலைதான் வீட்டுக்கு வருவான். வந்தாலும் பாதி நேரம் தூங்குகிறான்.

"இதை விற்றுவிடலாமா தம்பி? தூசு தட்டியே எனக்குக் கை வலிக்கிறது" என்றார் அண்ணி.

"விற்க வேண்டாம் அண்ணி, வேலைக்கு அனுப்பலாம்" என்றேன்.

சும்மா இருக்கும் வீட்டுக் கணினியை இணையம் வழியாக ஆராய்ச்சியாளர்களின் கணக்குகளைப் போட வைப்பதுதான் அந்த வேலை. அன்று அவருக்குச் சொன்னதையும், அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். கணினியைப் போடவும் அணைக்கவும், ஒரு மென்பொருளை நிறுவவும் தெரிந்தால் போதும்.

வேலை எங்கிருந்து வருகிறது?

சிராங்கூன் சாலைக் கோவில்களில் பெரிய அன்னதானத்துக்கு முதல் நாள் இரவு போய்ப் பாருங்கள். முப்பது, நாற்பது பேர் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் உரிப்பதற்கும் அடுத்தவர் உரிப்பதற்கும் சம்பந்தமில்லை. நடுவில் யாராவது எழுந்து போனாலும் வேலை நிற்காது. அவர் விட்ட கூடையை இன்னொருவர் இழுத்துக்கொள்வார். ஆனால் சாம்பார் கிளறுவதை நாற்பது பேருக்குப் பங்கு போட முடியாது. அறிவியல் கணக்குகளிலும் இந்த இரண்டு வகை உண்டு. சாம்பார் வகைக் கணக்குக்கு ஒரே இடத்தில் இறுக்கிப் பிணைத்த மீக்கணினி (சூப்பர் கம்ப்யூட்டர்) வேண்டும். வெங்காய வகைக் கணக்கை உலகம் முழுவதும் உள்ள வீட்டுக் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

இதை ஊரறியச் செய்து காட்டியது 1999 மே 17 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தொடங்கிய 'செட்டி அட் ஹோம்'. செட்டியார் வீட்டில்தான் இருக்கிறார் என்பதுபோலத் தமிழில் ஒலிக்கும் பெயர். ஆனால் தேடியது வேற்றுக்கோள் அறிவுயிர்களின் வானொலிச் சமிக்ஞையை. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கி பதிந்த தரவு, 35 ஜிகாபைட் கொள்ளும் நாடாக்களில் அஞ்சல் வழியாகப் பெர்க்லிக்கு வந்து சேரும். அதை 107 விநாடித் துண்டுகளாக நறுக்குவார்கள். ஒவ்வொரு துண்டும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு மெகாபைட். அக்காலத் தொலைபேசி இணைப்பிலும் இறங்கிவிடும். ஐம்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் சேர்ந்தார்கள். வேற்றுக்கோள்காரர் யாரும் அகப்படவில்லை. 2020 மார்ச் 31 அன்று புதிய துண்டுகள் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த முயற்சி விட்டுச்சென்ற சொத்துதான் நாம் நிறுவப்போகும் 'பாயிங்க்' மென்பொருள். அதே பெர்க்லிக் குழுவின் டேவிட் ஆண்டர்சன் 2002இல் தொடங்கியது. எந்தத் துறையின் வேலையையும் ஒரே மென்பொருள் வழியாக வாங்கிச் செய்து திருப்பிக் கொடுக்கலாம் என்பதுதான் இதன் பயன். இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது.

முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான வீடுகளிலிருந்து வரும் விடையை எப்படி நம்புவது? உண்டியல் காசை எண்ணும் முறைதான். ஒரே வேலைத்துண்டை, ஒன்றையொன்று அறியாத இரண்டு கணினிகளுக்குக் கொடுப்பார்கள். இரண்டு விடையும் ஒத்துப்போனால் ஏற்பார்கள். இல்லாவிட்டால் மூன்றாவது ஆளிடம் போகும். 2010 ஆகஸ்டில் 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' திட்டம், விநாடிக்குச் சுமார் 41 முறை சுழலும் ஒரு துடிவிண்மீனை (பல்சரை) கண்டுபிடித்ததாக அறிவித்தபோது, கண்டுபிடித்த பெருமை அமெரிக்காவில் ஒரு தம்பதிக்கும் ஜெர்மனியில் ஒருவருக்கும் போனது. ஏன் இரண்டு வீடுகள் என்றால், அந்தத் துண்டு அந்த இரண்டு வீட்டுக் கணினிகளுக்கும்தான் போயிருந்தது.

முதலில் மின்கட்டணம்

இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் குளிர் நாட்டுக்காரர்கள். "கணினி சும்மாதானே இருக்கிறது, ஓடட்டும்" என்பார்கள். அவர்களுக்குக் கணினியின் சூடு குளிர்காலத்தில் அறையைக் கதகதப்பாக்கும். நமக்கு அந்தச் சூடு தண்டம். கணினிக்கு ஒரு முறை மின்கட்டணம் கட்டுகிறோம்; அது கக்கிய வெப்பத்தை வெளியே தள்ளக் குளிர்சாதனத்துக்கு மறுபடி கட்டுகிறோம். எனவே இங்கே முதல் வேலை மென்பொருளைப் பதிவிறக்குவது அன்று; வாட் அளப்பது.

சுவர்ச் செருகிக்கும் கணினிக்கும் நடுவே மாட்டும் சிறிய மின்மானி, மின்பொருள் கடைகளில் கிடைக்கும். நான் சிம் லிம் ஸ்குவேரில் ஒன்று வாங்கி வந்து அண்ணி வீட்டில் மாட்டினேன். அண்ணன் மகனின் கணினி ஒன்றும் செய்யாமல் திரையில் படம் காட்டிக்கொண்டிருந்தபோது 62 வாட். கணினியின் மையச் செயலியான சிபியுவில் பாதிக் கோர்கள் (அதற்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) மட்டும் கணக்குப் போட்டபோது 118. வரைகலை அட்டையையும் (ஜிபியு) சேர்த்து ஓடவிட்டால் 310.

இப்போது கணக்கைப் பாருங்கள். வீட்டு மின்கட்டணம் அண்மை ஆண்டுகளில், பொருள் சேவை வரியும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு 30 காசை ஒட்டியே இருக்கிறது. பாதிக் கோர்கள், இரவு எட்டு மணி நேரம், மாதத்தில் 22 இரவு: சுமார் 21 யூனிட், ஆறு வெள்ளி சொச்சம். அதே கணினி வரைகலை அட்டையோடு இரவு பகலாக 30 நாள் ஓடினால் 223 யூனிட், 67 வெள்ளி. குளிர்சாதனச் செலவு இதில் சேரவில்லை.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. 118இலிருந்து 62ஐக் கழித்து, "கூடுதல் செலவு 56 வாட்தான்" என்று சொல்லிக்கொள்வார்கள். கணினி எப்படியும் போட்டபடியே இருக்கும் வீட்டுக்குத்தான் அது சரி. அண்ணி வீட்டில் அது வேட்டிக்கு அடியில் அணைந்து கிடந்தது. அணைந்து கிடந்ததைப் போட்டால் முழு 118 வாட்டும் நம் கணக்கில்தான். இன்னொன்று: சிங்கப்பூர் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்து வருவது. ஆகவே இதற்கென்று புதிதாகக் கணினி வாங்குவதையும், பத்து ஆண்டுப் பழைய பெட்டியைத் தூசு தட்டி இரவு பகலாக ஓட்டுவதையும் நான் யாருக்கும் சொல்வதில்லை. பழைய பெட்டி அதே மின்சாரத்துக்குப் புதியதைவிட மிகக் குறைவான கணக்கே போடும்.

மாதம் ஐந்து முதல் பத்து வெள்ளி என்று ஒரு வரம்பை வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அண்ணி எட்டு வெள்ளி என்றார். பிறகு நடந்தது எல்லாம் அந்த எட்டு வெள்ளிக்குள்தான்.

எங்கே வைப்பது?

என் சொந்த அனுபவம் இதில் அவ்வளவு பெருமைப்படத் தக்கதன்று. முதல் முறை இதைச் செய்தபோது, சத்தம் கேட்கக் கூடாது என்று என் மேசைக்கணினியைப் பாம் ஷெல்டருக்குள், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறைக்குள் வைத்தேன். 1990களின் பிற்பகுதிக்குப் பின் கட்டிய வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் வாழ்கிறவர்களுக்கு அந்த அறையைத் தெரியும்: தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, உள்ளே அரிசி மூட்டை, பயணப் பெட்டிகள், போன ஆண்டுத் தீபாவளி விளக்குச் சரம். உள்ளே மின்செருகியும் இருந்தது. கதவைச் சாத்தினால் சத்தமே இல்லை. புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்துவிட்டதாக நினைத்தேன்.

நான்கு நாள் கழித்துத் திறந்தபோது வெப்பம் முகத்தில் அடித்தது. விளக்குச் சரத்தின் பிளாஸ்டிக் உறை குழைந்திருந்தது. கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சூட்டினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு நகர்ந்துகொண்டிருந்தது. அதைவிட மோசம், அந்தச் சுவரைத் தாண்டி வைஃபை உள்ளே போகவேயில்லை. முடித்த துண்டுகள் எல்லாம் 'அப்லோடிங்' என்ற வரியோடு வரிசையில் நின்றன. நான்கு நாள் மின்சாரம் செலவாகி, ஒரு விடைகூட வெளியே போகவில்லை.

கணினியைக் காற்றோட்டமுள்ள இடத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பின்புறக் காற்றாடிக்கு எதிரே திரைச்சீலை தொங்கக் கூடாது. முன்புறத் தூசு வடிகட்டியைக் கழற்றித் தட்டுங்கள். நெடுஞ்சாலையை ஒட்டிய புளோக்குகளில் அந்தக் கறுப்புத் தூசு ஒரே மாதத்தில் படிந்துவிடும். மடிக்கணினியாக இருந்தால் மெத்தையிலோ சோஃபாவிலோ வைக்கக் கூடாது. அதன் மின்கலம் உப்பியிருக்கிறதா என்று அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்: மேசையில் வைத்தால் ஆடினாலோ, தொடுபலகை மேலெழும்பி இருந்தாலோ, அதை இந்த வேலைக்கு அனுப்பவே கூடாது. வேறு எந்த வேலைக்கும்கூடத்தான்.

உங்களுடைய கணினிதானா?

அலுவலகத்தில் மாலை ஆறு மணிக்குமேல் ஐம்பது கணினிகள் சும்மா கிடப்பதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். வேண்டாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கல்லூரி ஒன்றின் கணினிகளில் இத்தகைய மென்பொருளை நிறுவிய நிர்வாகி, குற்ற வழக்கைச் சந்தித்து 2002இல் அபராதத்தோடு வெளியே வந்தார். அவர் நோக்கம் நல்லதுதான், கணினி அவருடையதன்று. இங்கும் கணினி முறைகேட்டுச் சட்டம் 1993 முதல் இருக்கிறது. அலுவலகம், பள்ளி, தொண்டு நிலையம் எதுவானாலும் பொறுப்பாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். வீட்டிலும் கேட்டுவிடுங்கள். அண்ணன் மகனிடம் நான் கேட்டபோது, "சித்தப்பா, வெள்ளிக்கிழமை நான் வரும்போது அது எனக்கு வேண்டும்" என்று ஒரே நிபந்தனை வைத்தான்.

நிறுவுதல்

பாயிங்க் டாட் பெர்க்லி டாட் எடு என்ற முகவரியிலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள். உபுண்டு போன்ற லினக்ஸ் வைத்திருப்பவர்கள் அதன் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் பக்கத்தில் இரண்டு பதிப்புகள் இருக்கலாம்: ஒன்று 'வர்ச்சுவல்பாக்ஸ்' என்ற துணைமென்பொருளோடு, மற்றது தனியாக. தனியாக உள்ளதை எடுங்கள். துணைமென்பொருள், ஐரோப்பாவின் செர்ன் அணுத்துகள் ஆய்வகத்தின் 'எல்எச்சி அட் ஹோம்' போன்ற சில திட்டங்களுக்குத்தான் தேவை. முதல் மாதம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

நிறுவும்போது, திரைக்காப்புப் படமாகவும் வேண்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். வண்ணப் படம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் கணக்குப் போட வேண்டிய சக்தியைப் படம் வரைவதில் செலவழிக்கும்.

நிறுவியதும் ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். புதியவர்களுக்கு நான் சொல்வது ஐன்ஸ்டைன் அட் ஹோம். 2005 முதல் நடக்கிறது, வேலைக்குத் தட்டுப்பாடு வருவது அரிது, துண்டுகள் அளவானவை, கெடு பெரும்பாலும் இரண்டு வாரம். துடிவிண்மீன்களையும் ஈர்ப்பலைகளையும் தேடுகிறது. மருத்துவம்தான் மனத்துக்கு நெருக்கம் என்றால் புரத வடிவங்களை ஆராயும் 'ரொசெட்டா அட் ஹோம்' இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கரின் ஆய்வகத்தில் பிறந்தது. அவர் 2024இல் வேதியியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் அதில் வேலை விட்டு விட்டுத்தான் வரும், நினைவகமும் அதிகம் கேட்கும். புற்றுநோய் போன்ற ஆய்வுகளுக்கான 'வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்' 2004இல் ஐபிஎம் தொடங்கியது, இப்போது டொரொண்டோவின் கிரெம்பில் ஆய்வுக்கழகத்திடம் இருக்கிறது. ஆக்ஸ்ஃபர்டின் பருவநிலைத் திட்டத்தில் ஒரு துண்டே நாள் கணக்கில் ஓடும். இரவு மட்டும் போடும் வீட்டுக்கு ஒத்துவராது. பகா எண் தேடுவதற்கு 'பிரைம்கிரிட்' இருக்கிறது. எனக்கு அதில் ஆசை உண்டு, அண்ணிக்கு, "அந்த எண்ணை வைத்து என்ன செய்வார்கள்?" என்ற கேள்விக்கு நான் சொன்ன பதில் போதவில்லை.

திட்டத்தைச் சொடுக்கியதும் மின்னஞ்சலும் மறைச்சொல்லும் கேட்கும். வங்கிக்கு வைத்திருக்கும் மறைச்சொல்லை இங்கே போடாதீர்கள். பெயர் என்ற இடத்தில் போடுவது எல்லாருக்கும் தெரியும், ஆகவே புனைபெயர் போதும். வங்கி எண், சிங்பாஸ் (அரசின் மின் அடையாளம்), அடையாள அட்டை எதையும் எந்தத் திட்டமும் கேட்காது. "கணினியை வாடகைக்கு விட்டு மாதம் ஐந்நூறு வெள்ளி சம்பாதியுங்கள்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் வந்தால் அது இதுவன்று. சந்தேகம் இருந்தால் மோசடி உதவி எண் 1799ஐ அழைத்துக் கேளுங்கள். இந்த வேலைக்குக் கூலி என்பது கிரெடிட் என்ற புள்ளிகள் மட்டுமே. அவற்றைக் கொண்டு ஒரு தேநீர்கூட வாங்க முடியாது.

திருத்த வேண்டிய அமைப்புகள்

நிறுவிவிட்டுப் போய்விடுகிறவர்கள்தான் ஒரே வாரத்தில், "கணினி உறுமுகிறது, சூடாகிறது" என்று எடுத்துவிடுகிறார்கள். பத்து நிமிடம் இங்கே செலவழியுங்கள். 'வியூ' பட்டியலில் 'அட்வான்ஸ்டு வியூ'வைத் தேர்ந்தெடுத்து, 'ஆப்ஷன்ஸ்' பட்டியலில் 'கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸ்' என்பதைத் திறங்கள்.

முதலில் வருவது எத்தனை விழுக்காடு சிபியுக்களைப் பயன்படுத்தலாம் என்ற கட்டம். 50 என்று இடுங்கள். எட்டுக் கோர்கள் இருந்தால் நான்கு மட்டும் வேலை செய்யும். அதற்கு அடுத்தே சிபியு நேரத்தில் எத்தனை விழுக்காடு என்று இன்னொரு கட்டம் இருக்கும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல. நேரத்தைக் குறைத்தால் மென்பொருள் கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நின்று, மறுபடி ஓடும். காற்றாடியும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கி, இரவில் யாரோ பெருமூச்சு விடுவதுபோல ஒலிக்கும். அதை 100இலேயே விட்டுவிட்டு, கோர்களின் எண்ணிக்கையை மட்டும் குறையுங்கள். சத்தம் ஒரே சீராகி, சிறிது நேரத்தில் காதுக்குத் தெரியாமல் போகும்.

கணினியை யாராவது பயன்படுத்தும்போது வேலையை நிறுத்தும் கட்டத்தில் குறியிடுங்கள். சுட்டியையோ விசைப்பலகையையோ தொட்டால் உடனே ஒதுங்கும். கை எடுத்துச் சில நிமிடம் கழித்து மறுபடி தொடங்கும். மடிக்கணினியில், மின்கலத்தில் ஓடும்போது நிறுத்தும் கட்டத்திலும் குறியிடுங்கள். வரைகலை அட்டையை முதல் மாதம் தொடவே வேண்டாம்: 'ஆக்டிவிட்டி' பட்டியலில் 'சஸ்பெண்ட் ஜிபியு' என்று ஒரு வரி இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். 118 வாட்டுக்கும் 310 வாட்டுக்கும் இடையே நிற்பது அந்த ஒரு வரிதான்.

கணினியை எப்போதும் போட்டே வைத்திருப்பவர்கள் 'டெய்லி ஷெட்யூல்ஸ்' பக்கத்தில் இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை என்று நேரம் இடலாம். அந்த நேரத்தில் வெளிக்காற்றும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அண்ணி வீட்டில் இது தேவைப்படவில்லை. படுக்கப் போகும்போது பொத்தானை அழுத்துவார், காலையில் பசியாறுமுன் அணைப்பார். நடுவில் அணைத்தால் வேலை வீணாகுமா என்று பயந்தார். வீணாகாது. ஓடும்போதே அவ்வப்போது தான் நிற்கும் இடத்தை வட்டில் குறித்து வைத்துக்கொள்ளும். மறுபடி போட்டால் அங்கிருந்தே தொடரும். போவது சில நிமிட வேலைதான்.

கையில் எத்தனை நாள் வேலை வைத்துக்கொள்வது என்பது கடைசி. இதில் பேராசை கூடாது. பத்து நாள் வேலையை வாங்கிக் குவித்தால், இரவு மட்டும் ஓடும் கணினி கெடுவுக்குள் முடிக்காது. இரண்டாவது விடைக்காக ஆராய்ச்சியாளர் காத்திருக்க வேண்டும், பிறகு அதே துண்டை இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும். 0.1 நாளும் கூடுதலாக 0.5 நாளும் போதும்.

இவை எல்லாம் பாயிங்க் அமைப்புகள். விண்டோஸ் அமைப்பு ஒன்றும் உண்டு, அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். செருகியில் இருக்கும்போது கணினி தூங்கப் போகக் கூடாது என்று மின் அமைப்புகளில் மாற்றுங்கள். திரை அணையலாம், கணினி தூங்கக் கூடாது. அண்ணி மூன்று இரவு போட்டுவிட்டு, "ஒன்றும் நடக்கவில்லையே தம்பி" என்றார். போய்ப் பார்த்தால் ஒவ்வொரு இரவும் அரை மணி நேரத்தில் கணினியும் தூங்கியிருக்கிறது.

முதல் சில இரவுகள்

'டாஸ்க்ஸ்' பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு வரி. எத்தனை விழுக்காடு முடிந்தது, இன்னும் எவ்வளவு நேரம், கெடு என்று என்பதெல்லாம் அதில் தெரியும். மீதி நேரத்தை முதல் வாரம் நம்பாதீர்கள். உங்கள் கணினியின் வேகம் அதற்கு இன்னும் பழகவில்லை. 'ரன்னிங்' என்றால் ஓடுகிறது. 'ரெடி டு ரிப்போர்ட்' என்றால் விடை போய்விட்டது, கணக்கு முடிக்க அடுத்த தொடர்புக்குக் காத்திருக்கிறது, தவறு ஒன்றுமில்லை. 'அப்லோடிங்' என்று மணிக்கணக்கில் நின்றால் இணைப்பைப் பாருங்கள். உங்கள் இணைப்பு சரியாக இருந்தும் போகவில்லை என்றால் அந்தப் பக்கத்துச் சர்வர் பராமரிப்பில் இருக்கும். பல்கலைக்கழகங்கள் நடத்தும் சர்வர்கள், அடிக்கடி படுக்கும். அதுவே மீண்டும் முயலும், நீங்கள் எதையும் அழிக்காதீர்கள்.

வேலையே வராவிட்டால் 'டூல்ஸ்' பட்டியலில் 'ஈவென்ட் லாக்' இருக்கிறது. அதில் காரணம் ஒரு வரியில் எழுதியிருக்கும்: வட்டில் இடம் போதவில்லை, நினைவகம் போதவில்லை, அல்லது திட்டத்தில் இப்போது வேலை இல்லை. முதல் நாள் சில நூறு மெகாபைட் தரவு இறங்கலாம். வீட்டு ஃபைபர் இணைப்புக்கு அது ஒரு பொருட்டன்று. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் செய்யாதீர்கள்.

சூட்டையும் ஒரு முறை பாருங்கள். வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருள் ஏதாவது ஒன்றைப் போட்டு, அரை மணி நேரம் ஓடியபின் சிபியு 80 பாகைக்குக் கீழே இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். 90ஐத் தொட்டால் 50 விழுக்காட்டை 25 ஆக்குங்கள், தூசையும் பாருங்கள்.

புள்ளிகள் உடனே ஏறாது. உங்கள் விடைக்கு இணையாக இன்னொரு வீட்டு விடை வந்து ஒத்துப்பார்த்த பிறகே ஏறும். அதுவரை 'பெண்டிங்' என்று இருக்கும். முதல் புள்ளிகள் வந்த அன்று, தன் துண்டைச் சரிபார்த்த மற்றக் கணினி எந்த ஊர் என்று அண்ணி கேட்டார். திட்டத்தின் தளத்தில் அந்தத் துண்டின் பக்கத்தைத் திறந்தால் மற்றக் கணினியின் எண்ணும், அதன் சிபியு வகையும் தெரிந்தன, ஊர் தெரியவில்லை. "பரவாயில்லை, நம்முடையதைவிடப் பழையது" என்றார். தனியாக ஓடுவது சலிப்பாக இருந்தால் குழு சேரலாம். திட்டத் தளத்தில் நாட்டின் பெயரால் குழுக்களைத் தேடலாம், நான்கு நண்பர்கள் சேர்ந்து புதிதாகவும் தொடங்கலாம்.

கைப்பேசி, இன்னொரு மென்பொருள்

ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் பாயிங்க் உண்டு. மின்னூட்டிக்கொண்டிருக்கும்போதும், வைஃபை இருக்கும்போதும்தான் ஓடும்படி வைத்திருப்பார்கள். பழைய கைப்பேசியை நம் ஊர் வெப்பத்தில் இரவெல்லாம் மின்னூட்டியபடி கணக்குப் போடவைப்பது எனக்கு உவப்பில்லை. சொல்லிவிட்டேன், முடிவு உங்களுடையது.

நல்ல வரைகலை அட்டை வைத்திருப்பவர்கள் 'ஃபோல்டிங் அட் ஹோம்' பற்றிக் கேட்பார்கள். அது 2000இல் ஸ்டான்ஃபர்டில் தொடங்கியது, பாயிங்க்கோடு சேராத தனி மென்பொருள், புரதங்கள் எப்படி மடிகின்றன என்று ஆராய்கிறது. 2020இல் கொரோனாக் காலத்தில் மக்கள் கூட்டமாகச் சேர்ந்தபோது, அதன் மொத்த வேகம் விநாடிக்கு ஒன்றின்பின் பதினெட்டுச் சுழிகள் கொண்ட எண்ணிக்கையிலான கணக்குகளைத் தாண்டியது. நம் தேசிய மீக்கணினி நிலையத்தின் முதல் இயந்திரமான ஆஸ்பையர் 1இன் வேகத்தைப்போல் ஆயிரம் மடங்கு. அதே வேகத்தை ஒரே இடத்தில் எட்டியதாக அமெரிக்காவின் ஃபிரண்டியர் மீக்கணினி அறிவிக்கப்பட்டது 2022இல்தான். மழைக்காலத்து டிசம்பர் இரவுகளில் சன்னலைத் திறந்து வைத்து இதைக் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாம். மின்மானியைக் கழற்றிவிட வேண்டாம்.

விலகுவது எப்படி?

அண்ணன் மகன் வெள்ளிக்கிழமை மாலை வருகிறான். அவன் வருமுன் அண்ணி செய்வது ஒரே வேலை: 'ஆக்டிவிட்டி' பட்டியலில் 'சஸ்பெண்ட்'. ஞாயிறு இரவு அவனை வழியனுப்பிவிட்டு வந்து, அதே பட்டியலில் பழையபடி மாற்றிவிடுகிறார். இரண்டு நாள் நிறுத்தியதால் கெடு தவறியதில்லை.

ஒரேயடியாக விலகுவதாக இருந்தால் மென்பொருளை நேராக நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் உங்கள் பெயரில் கொடுத்த துண்டுகள், கெடு முடியும்வரை திரும்பி வராமலும் வேறு யாருக்கும் போகாமலும் நிற்கும். 'புராஜெக்ட்ஸ்' பக்கத்தில் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து 'நோ நியூ டாஸ்க்ஸ்' என்பதை அழுத்துங்கள். கையில் உள்ளவை முடிந்து, விடைகள் போய், 'டாஸ்க்ஸ்' பக்கம் வெறுமையாகட்டும். இரண்டு மூன்று இரவு ஆகலாம். அவசரம் என்றால் மிச்சமுள்ள துண்டுகளைத் தேர்ந்தெடுத்து 'அபார்ட்' கொடுத்து, திட்டத்துக்கு 'அப்டேட்' கொடுங்கள். அவை உடனே வேறு வீட்டுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு 'ரிமூவ்'. அதற்கும் பிறகுதான் மென்பொருளை நீக்குவது.